ஓரிரவு அடைக்கலம்

பிறர் பெற்ற பிள்ளைகள் நாற்பது பேரை அழைத்துக்கொண்டு வெளியூருக்குக் கல்விப் பயணம் புறப்படுகிற ஓர் ஆசிரியர், அவர்கள் இரவில் தலைசாய்க்க ஓர் இடம் தேடத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே, தாம் அறிந்தோ அறியாமலோ, சமயவாதிகளும் தத்துவ ஞானிகளும் நெடுங்காலம் விவாதித்து வந்த ஒரு கேள்வியின் முன்னால் வந்து நிற்கிறார். வெளிப்பார்வைக்கு அது வெறும் நிர்வாகக் காரியமாகவே தோன்றும்; எந்தத் தெருவில் எந்த விடுதி, தலைக்கு எவ்வளவு வாடகை, எத்தனை அறை, காலையில் வெந்நீர் உண்டா என்பவற்றோடு முடிந்துவிடுகிற காரியமாகவே பலரும் அதைக் கருதுகிறார்கள். ஆனால், தன் பொருளைச் செலவிடுவதில் ஒருவன் காட்டும் சிக்கனம், பிறருடைய உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலும் நற்குணமாகவே நிலைக்குமா என்பதும், மேலே ஒருவன் பார்த்துக்கொள்வான் என்ற விசுவாசம், கீழே இருக்கிற மாடிப்படியையும் கதவையும் நாம் போய்ப் பார்த்து வர வேண்டிய கடமையிலிருந்து நமக்கு விலக்கு அளிக்குமா என்பதும் அந்தச் சிறிய காரியத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

மலிவு என்பதையே குற்றமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பயணக் கட்டணம் ஐந்நூறு ரூபாய் கூடினால் முதலில் தன் பெயரை அடித்துவிடச் சொல்லி வந்து நிற்பவள் கூலி வேலை செய்யும் ஒரு தாயின் மகளாகவே இருப்பாள். வாழ்நாளில் ஒருமுறையேனும் தஞ்சைப் பெரிய கோயிலையோ, பாம்பன் கடலையோ, காசியின் படித்துறைகளையோ தன் வயதொத்தவர்களோடு சேர்ந்து காணும் பாக்கியம் அவளுக்கே மற்றெல்லோரையும்விட அதிகமாக உரியது. ஆகையால் பாதுகாப்பின் பெயரால் செலவை உயர்த்தி ஏழைப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டுப் போகிற பயணமும் தர்மமாகாது. செலவைக் குறைப்பதற்காக அவளை ஆபத்தான கூரையின் கீழ் படுக்க வைக்கிற பயணமும் தர்மமாகாது. இரண்டு தவறுகளுக்கும் நடுவே ஒரு வழி உண்டென்றும், அந்த வழி பணத்தால் அல்ல, உழைப்பால் திறக்கப்படுவதென்றும் நான் நம்புகிறேன்.

நம்முடைய இலக்கியத்தில் இந்தப் பிரச்சினையை நேராக எடுத்துக்கொண்டு பேசிய நூல் சிலப்பதிகாரம். வழக்கையும் நீதியையும் பற்றிய காவியமென்றே அதை நாம் பெரும்பாலும் எண்ணுகிறோமாயினும், அதன் நடுப்பகுதியில் அடைக்கலக் காதை என்றே பெயரிட்டு, வெளியூருக்கு வந்த ஓர் இளம்பெண்ணை இரவு எங்கே தங்க வைப்பது என்ற கேள்விக்கு ஒரு முழுக் காதையை இளங்கோவடிகள் ஒதுக்கியிருப்பது சாதாரண விஷயமன்று. காவிரிக் கரையிலிருந்து கோவலனோடும் கண்ணகியோடும் நடந்து வந்த கவுந்தியடிகள் ஒரு சமணத் துறவி. கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடிக் கிடக்கும் என்றும், வயல் வரப்பில் நண்டும் நத்தையும் காலில் மிதிபடும் என்றும் வழியின் இடர்களை முன்கூட்டியே எடுத்துச் சொன்னவர். மதுரையின் புறஞ்சேரியை அடைந்ததும், கோவலன் கண்ணகியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நகரைப் பார்த்துவர உள்ளே செல்கிறான். கடைவீதிகளையும் மாளிகைகளையும் கண்டு வியந்து, தீது நீங்கிய ஊர் இது, பாண்டியனின் ஆட்சி செம்மையானது என்று மனநிறைவோடு திரும்பி வந்து சொல்கிறான். அந்த ஊரிலேதான் அவன் கொலையுண்டான் என்பதை நினைக்கும்போது, பகலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் ஊரையோ விடுதியையோ நல்லதென்று முடிவுகட்டுவது எவ்வளவு பலவீனமான பிரமாணம் என்பது விளங்கும். அவன் பார்த்தவை எல்லாம் உண்மையே. பார்க்க வேண்டியவற்றை அவன் பார்க்கவில்லை.

கவுந்தியடிகள் செய்தது வேறு. இயக்கி தெய்வத்துக்குப் பாற்சோறு படைத்துத் திரும்பிக்கொண்டிருந்த மாதரி என்ற ஆயர்குல முதுமகளை அவர் காண்கிறார். கண்டவுடன் ஒப்படைத்துவிடவில்லை, தம் மனத்துக்குள் ஆராய்கிறார். பசுவைக் காத்து அதன் பயனை ஊருக்கு வழங்கும் ஆயர் வாழ்க்கையில் கொடுமை இல்லை என்று அவளுடைய தொழிலைப் பற்றி முதலில் எண்ணுகிறார். அப்புறம் அவள் தீங்கு அறியாதவள், வயதில் முதிர்ந்தவள், நேர்மையானவள், இரக்கமுள்ளவள் என்று அவளுடைய இயல்பை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கிறார். கோவலனின் தந்தை பெயரைச் சொன்னால் மதுரைப் பெருவணிகர்கள் எதிர்கொண்டு அழைத்துப் போவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும் அந்தப் பெரிய வீடு கிடைக்கும் வரையில் இந்தச் சிறிய வீடே தக்கதென்று தீர்மானித்து, தோழியாகவும் காவலாகவும் தாயாகவும் நீயே இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டு, அதன் பின்பே கண்ணகியை ஒப்படைக்கிறார். அவர் தேர்ந்தெடுத்தது செல்வர் மாளிகை அன்று, செம்மண் பூசிய, வேலியும் பந்தரும் உடைய ஒரு சிறு மனை. அங்கே மாதரி தன் மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாக வைத்தாள். வந்தவர்கள் சமண விரதம் காப்பவர்கள், பொழுதோடு உண்ண வேண்டியவர்கள் என்பதை நினைவில் வைத்துச் சமையலுக்கு வேண்டிய புதுக் கலங்களையும் காய்கனிகளையும் அரிசியையும் நெய்யையும் தயிரையும் தானே கொண்டுவந்து கொடுத்தாள். எளிய வாடகையில் நல்ல விடுதி என்று இன்று நாம் தேடுவதன் இலட்சணம் முழுவதும் அந்தச் சிறு மனையில் இருக்கிறது: ஆள் யார் என்பது தெரியும், இடம் சுத்தமானது, வேலி உண்டு, பெண்ணுக்குப் பெண் துணை உண்டு, உண்பவரின் நியமம் மதிக்கப்படுகிறது.

அவ்வளவு கவனத்தோடு தேர்ந்த பின்பும் துயரம் வந்தது. மாதரியின் வீட்டில் ஒரு குறையும் நேரவில்லை. ஆபத்து நகரத்தின் கடைவீதியிலிருந்து வந்தது. ஆனால் காவியத்தின் பிற்பகுதியில், மாடலன் என்ற மறையவன் சேர மன்னனிடம் கூறும் செய்தியில், அடைக்கலம் இழந்தேன் என்று மாதரி தீயில் புகுந்ததையும், கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததையும் நாம் கேட்கிறோம். சட்டத்தின் கண்களில் அவ்விருவரும் குற்றமற்றவர்கள். அவர்கள் செய்தது போல உயிரை விடுவது நமக்கு முன்மாதிரியென்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் பிறர் பிள்ளையை ஏற்றுக்கொள்வதென்பது எத்தனை பாரமான வாக்குறுதி என்று அவர்கள் கருதினார்கள் என்பதை அந்த முடிவு காட்டுகிறது. குற்றம் நடந்த பிறகு யார் பொறுப்பு என்று கேட்பது சட்டத்தின் முறை. நடப்பதற்கு முன்பே நான் பொறுப்பு என்று ஒருவரைச் சொல்ல வைப்பது தர்மத்தின் முறை. பயணம் புறப்படும் ஆசிரியருக்கு இரண்டாவதே பெரும் பயனுடையது.

இனி விசுவாசத்தின் கட்சியைக் கேட்போம். நல்ல காரியத்துக்கு, அதுவும் க்ஷேத்திர யாத்திரைக்குப் போகிறோம், தெய்வம் நம்மைக் கைவிடாது என்று சொல்லும் பக்தர்களை நான் இழிவாக எண்ணவில்லை. அந்த நம்பிக்கையின் பலத்தாலேயே இந்த நாட்டு ஏழைகள் கால்நடையாகக் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போய் வந்திருக்கிறார்கள். ஆயினும் சரணாகதியை நம் வைணவ ஆசாரியர்கள் விளக்கிய முறையைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல ஜீவன் தன் முயற்சியோடு இறைவனைப் பற்ற வேண்டும் என்ற மர்க்கட நியாயத்தை வடகலையார் மரபில் கூறுவர். தாய்ப்பூனை வாயில் கவ்விச் செல்லும் குட்டியைப் போல ஜீவன் ஒன்றும் செய்யாமல் கிடந்தாலே போதும், காப்பது அவன் பொறுப்பு என்ற மார்ஜார நியாயத்தைத் தென்கலையார் மரபில் கூறுவர். பல நூற்றாண்டுகளாக இந்த இரண்டில் எது சரி என்று வாதித்தவர்கள் அனைவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குட்டி என்ன செய்ய வேண்டும் என்பதிலேதான் விவாதமே தவிர, கவ்விச் செல்லும் தாய் அஜாக்கிரதையாக இருக்கலாம் என்று இரு கலையாரில் ஒருவரும் சொல்லவில்லை. மாணவர்கள் ஆசிரியரை நம்பி வருகிற அந்த மூன்று நான்கு நாட்களுக்கு, அவர்கள்தாம் குட்டிகள், கவ்விச் செல்லும் வாய் ஆசிரியருடையது. அவர் தாமும் ஒரு குட்டியென்று சொல்லி இறைவன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உறங்குவாரானால், அது சரணாகதி ஆகாது, தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை வழியில் இறக்கி வைத்ததே ஆகும். தன்னுடைய உயிரைத் தெய்வத்திடம் விட்டுவிட ஒருவனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கொண்டு பிறருடைய மகளின் அறைக் கதவைத் தாழிடாமல் விட முடியாது.

நம்பிக்கையின் நிழலிலேயே நேர்ந்த கொடுமைகளை நம் நாடு கண்டிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவின் அருளால் குணமாகும் என்று மனநோயுற்றவர்களை அவர்களுடைய உறவினர்கள் தனியார் காப்பகங்களில் விட்டுச் சென்றிருந்தனர். 2001 ஆகஸ்டு 6 அன்று அதிகாலையில் அப்படிப்பட்ட காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடித் தப்ப வழியின்றி மாண்டனர். விட்டுச் சென்றவர்களில் பலர் கடவுளை நம்பினார்கள். கூரை கீற்றா ஓடா என்பதை யாரும் கேட்கவில்லை. அங்ஙனமே, 2019 பிப்ரவரி 12 அன்று விடியுமுன் தில்லியின் கரோல் பாக் பகுதியில் ஒரு விடுதியில் பற்றிய தீ 17 உயிர்களைக் கொண்டு போயிற்று. திருமணத்துக்காகக் கேரளத்திலிருந்து போயிருந்த ஒரு குடும்பத்தினரும் அவர்களில் இருந்தார்கள். அந்த விடுதியின் நடைவழிகளில் அழகுக்காகப் பதித்திருந்த மரப்பலகைகள் தீயை விரைந்து பரவச் செய்தன. ஓர் இடம் பார்க்க வசீகரமாக இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டாம்.

அங்கீகாரம் பெற்ற விடுதியா என்று கேட்பதை வெறும் சர்க்கார் சம்பிரதாயம் என்று அலட்சியம் செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தைப் பார்க்க வேண்டும். தர்மசாலையை நடத்துகிறவன் அங்கு வந்து தங்கும் வழிப்போக்கரைப் பற்றி நகர அதிகாரிக்கு அறிவித்த பிறகே இடம் தர வேண்டும் என்றும், நகரத்து வீடுகளில் நெருப்புக் காலத்துக்காக நீர்க்குடங்களும் ஏணியும் கோடரியும் கொக்கியும் தோற்பையும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. வருவோர் பதிவேடும் தீயணைப்பு ஏற்பாடும் நவநாகரிகத்தின் தொந்தரவுகள் அல்ல என்பது இதனால் தெளிவாகும். 1867-இல் ஆங்கிலேய அரசு இயற்றிய சராய்ச் சட்டமும், பயணியர் தங்கும் இடத்தை நடத்துகிறவன் தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், அறைகளையும் சாக்கடைகளையும் கிணற்றையும் சுத்தமாக வைக்க வேண்டும், காவலாள் நியமிக்க வேண்டும், கட்டணப் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்றே கேட்டது. தஞ்சையின் இரண்டாம் சரபோஜி மன்னர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1801-இல் தம்முடைய சத்திரங்களைத் தம் வசமே விட்டுவைக்கும்படி கும்பெனியின் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில், அங்கே சகல ஜாதி வழிப்போக்கருக்கும் அன்னம் அளிக்கப்படுவதையும், நோயுற்றுப் பயணம் தொடர இயலாதவர்களுக்கு வைத்தியர் மருந்து கொடுத்துக் குணமாகும் வரை பார்த்துக்கொள்வதையும், அநாதைக் குழந்தைகள் வளர்க்கப்பட்டுக் கல்வி பெறுவதையும் அவர் விவரித்திருக்கிறார். இராஜ்யம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஓர் அரசர் மன்றாடிக் கேட்டது வழிப்போக்கர் தங்கும் வீடுகளை என்பதை எண்ண எண்ண மனம் நெகிழ்கிறது.

இவையெல்லாம் இருக்க, தேடுகிறவர் செய்ய வேண்டியது என்ன? போய்ப் பார்க்க வேண்டும். அதுவும் இரவில் பார்க்க வேண்டும். பேருந்து நிலையங்களை ஒட்டிய மலிவான லாட்ஜுகளின் மாடிப்படியை ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும்: இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய படி, அதன் அடியில் அடுக்கிய காஸ் சிலிண்டர்கள், பழைய மெத்தைகள், ஓட்டை நாற்காலிகள், மேலே போனால் மொட்டைமாடிக் கதவில் பூட்டு, பூட்டின் சாவி எங்கேயென்று கேட்டால் முதலாளியிடம் இருக்கிறது என்ற பதில். ஜன்னல்களுக்கெல்லாம் திருடருக்குப் பயந்து கம்பி. உள்ளிருப்பவர் வெளியேறவும் அதே கம்பிதான் தடை. ஒரே பிளக்கில் நாலு கைப்பேசி சார்ஜருக்காக மாட்டிய நீட்டிப்புப் பலகை சூடேறிக் கிடக்கும். இவற்றைப் புகைப்படத்தில் காண முடியாது. புகைப்படத்தில் இருப்பவை விரிப்பும் திரைச்சீலையுமே. ஆகவே இரண்டாவது வழி உண்டா, அது இரவிலும் திறந்திருக்குமா, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று கைவசம் இருக்கிறதா, இரவில் பொறுப்பாக இருக்கும் ஆள் யார், மாணவியர் அறைகள் ஒரே வரிசையில் அமைந்து அவற்றின் நடுவே ஆசிரியைக்கு அறை கிடைக்குமா, உட்புறத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, அதே மாடியில் குடித்துவிட்டு வருகிற வெளியார் தங்குவார்களா, அருகில் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பவற்றைத் தாமே நின்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடையாளச் சான்று கேட்டு, பெயர் எழுதி, ரசீது கொடுக்கிற விடுதியைத் தொந்தரவு பிடித்தது என்று வெறுக்கலாகாது. எதுவும் கேளாமல் சாவியை நீட்டுகிறவன், நம்மைக் கேளாதது போலவே பக்கத்து அறைக்காரனையும் கேட்டிருக்க மாட்டான்.

இக்காலத்தில் முன்பணத்தை விழுங்கும் மோசடி ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் இணையக் குற்றத் தடுப்பு மையம், கேதார்நாத், சோமநாதம் முதலிய தலங்களின் யாத்ரிகர் விடுதிகள் பெயரில் போலித் தளங்களும் விளம்பரங்களும் நடமாடுவதாக எச்சரித்தது. தெய்வத்தின் பெயரைப் போட்டிருப்பதாலேயே ஒரு தொலைபேசி எண் புனிதமாகிவிடாது. தேவஸ்தானத்தின் அலுவலகத்தில் நேரிலோ கடிதத்திலோ கேட்டு, அதன் பெயரிலுள்ள கணக்குக்குப் பணம் அனுப்பி, ரசீது பெற்ற பிறகே இடம் கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்ல வேண்டும்.

மலிவும் நம்பிக்கையும் ஒருங்கே அமைந்த இடங்கள் நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. கோயில் தேவஸ்தான விடுதிகள், மடத்துச் சத்திரங்கள், காசியில் நகரத்தார் நடத்தும் சத்திரம், குருத்வாராக்களின் சராய்கள், வேளாங்கண்ணி போன்ற தலங்களில் திருச்சபையின் யாத்ரிகர் இல்லங்கள், இளைஞர் விவகார அமைச்சகத்தின் இளைஞர் விடுதிகள் ஆகியவை இலாபத்தை முதல் நோக்கமாகக் கொள்ளாதவை. அவற்றிலும் போய்ப் பார்த்தே தேர வேண்டும். அங்குள்ள உணவு நியமத்தையும் கதவடைக்கும் நேரத்தையும் மாணவர்கள் மதித்து நடக்க வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லி வைப்பதும் ஆசிரியரின் கடமையே.

இளைஞர் விடுதிகள் என்ற ஏற்பாடு உலகில் தோன்றிய வரலாறே ஓர் ஆசிரியரின் கவலையிலிருந்து பிறந்தது. ஜெர்மனியின் ஆல்டெனா என்ற ஊரைச் சேர்ந்த ரிச்சர்டு ஷிர்மான் என்பவர் 1909-இல் தம் மாணவர்களோடு நடைப்பயணம் போன போது, இடியும் மழையும் சூழ்ந்துகொள்ள, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். தரையில் பரப்பிய வைக்கோலில் பிள்ளைகள் உறங்கினார்கள், அவர் உறங்கவில்லை. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகள் எல்லாம் பயணம் வரும் மாணவர்களுக்குத் தங்குமிடமாகக் கூடாதா என்ற எண்ணம் அந்த இரவில் அவருக்கு உதித்தது; 1912-இல் ஆல்டெனாவின் பழைய கோட்டையில் நிரந்தர விடுதி ஒன்று அமைந்தது. அன்று அவர் கையில் பணம் இல்லை. விழித்திருந்த ஓர் இரவும், அதன் பின் பல வருஷங்கள் ஓயாமல் செய்த வேலையும் இருந்தன.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்ற அதிகாரம், ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பிய பின் சந்தேகிப்பதையும் ஒரே தரத்துத் தீமைகளாகவே வைக்கிறது. இரண்டாவதையும் நாம் மறக்கலாகாது. நன்றாகப் பார்த்துத் தேர்ந்த இடத்துக்குப் போன பிறகு, விடுதி ஊழியர்களை ஒவ்வொரு நிமிஷமும் திருடரைப் போல நடத்துவதும், பிள்ளைகளை அறைக்குள் அடைத்து அச்சுறுத்துவதும் பயணத்தின் நோக்கத்தையே கெடுத்துவிடும். முன்னே செய்த உழைப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பின்னே மனம் நிம்மதியாக இருக்கலாம்; அந்த நிம்மதியோடு கோயிலையும் கடலையும் மாணவர்களோடு சேர்ந்து பார்க்கலாம்.

ஆகவே பள்ளி, கல்லூரி நிர்வாகிகளை நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. அடுத்த கல்விப் பயணத்துக்குத் திட்டம் எழுதும்போது, ஓர் ஆசிரியரும், மாணவியர் உண்டென்றால் ஓர் ஆசிரியையும், முன்கூட்டியே அந்த ஊருக்குப் போய் ஓர் இரவு தங்கிப் பார்த்துவரும் செலவை வரவுசெலவுக் குறிப்பின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் செலவைப் பிள்ளைகளின் கட்டணத்தில் சேர்க்காமல் நிறுவனமே ஏற்றுக்கொள்ளட்டும். சத்திரங்களையும் மடங்களையும் பரிபாலிக்கும் தர்மகர்த்தாக்களும், ஆண்டில் சில நாட்களேனும் ஒரு கூடத்தை மாணவர் குழுக்களுக்கென்று ஒதுக்கி, அதன் இரண்டாவது கதவைப் பூட்டாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.